ஆற்றைத் தேடிப் போன மூன்று அழுமூஞ்சிகள்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எண்ணுவதை நிறுத்தினேன். அதுவரை மூத்த இளவரசன் பதினெட்டு முறை அழுதிருந்தான். இளையவன் இருபத்து மூன்று முறை. அவர்களுக்குத் துணையாக வந்த தளபதி, ஒரே குத்தில் எருமையைச் சாய்ப்பவன் என்று அறிமுகமானவன், பதினாறு முறை. கண் கலங்கியதையும் குரல் தழுதழுத்ததையும் நான் சேர்க்கவில்லை. கன்னத்தில் இறங்கிய கண்ணீருக்கு மட்டும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

நாவலை எழுதியவள் என் மனைவி.

அவள் கிராம சுகாதார செவிலியர். கடத்தூருக்கு அப்பால் ஒரு ஊரில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. நான் சேலத்தில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபத்தாறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். மொரப்பூரிலிருந்து ரயிலில் போய் ரயிலில் வந்தேன். ஓய்வு பெற்றபின் வீட்டில் இருக்கிறேன். அவள் போனில் ஒரு தொடர்கதை எழுதுகிறாள், அதை முகம் தெரியாத பலர் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் படித்ததில்லை. "போன்ல வர்றதெல்லாம் ஒரு கதையா" என்று ஒருமுறை சொன்னதாக அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள். எனக்கு ஞாபகமில்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய வாக்கியம்தான்.

அந்தத் தொடர் முடிந்ததும் அதைச் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. பதில் வந்த பிறகுதான் சொன்னாள். பதில் நான்கு வரி. கதை பிடித்திருக்கிறது, நீளம் அதிகம், மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து மாதக் கடைசிக்குள் அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம், அதற்குமேல் எங்களால் காத்திருக்க இயலாது. அவள் அந்தக் கடிதத்தைப் போனில் காட்டியபோது மாதத்தில் இருபத்திரண்டு நாள் மிச்சமிருந்தது.

"வெட்டறது ஒங்க தொழில்தானங்க" என்றாள். "கொஞ்சம் பாத்துக் குடுங்க."

முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் எழுதிய ஒன்றை என் கையில் கொடுத்தது அதுதான் முதல் முறை. அறுநூறு பக்கம்.

முதல் பக்கம் நன்றாக இருந்தது. பொறாமைப்படும்படி இருந்தது. ஒரு நாட்டில் ஒருநாள் காலை குடத்தோடு போன பெண்கள் ஆற்றைக் காணாமல் நிற்கிறார்கள். வறண்டுபோகவில்லை. காணவில்லை. மணல் ஈரமாக இருக்கிறது, மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன, துவைக்கிற கல்லின் மேல் சோப்புநுரை கூடக் காயவில்லை. ஒரு அரக்கன் வந்து ஆற்றைப் பாயைப்போலச் சுருட்டி இடுக்கிக்கொண்டு மலைக்குள் போய்விட்டான். கரையில் இரண்டு பக்கமும் சுருட்டிய தடம் மட்டும் இருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்த ஒரு ஜில்லாவில் பிறந்தவள்தான் இதை எழுத முடியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் இளவரசர்கள் வந்தார்கள். ஆற்றைப் பார்த்தார்கள். அழுதார்கள்.

அங்கிருந்து ஆரம்பித்தது. குதிரைக்குச் சேணம் போடும்போது அழுதார்கள். போட்ட பிறகு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கணவாயைப் பார்த்ததும் தாயை நினைத்து ஒருவன் அழ, அவன் அழுவதைப் பார்த்து இன்னொருவன் அழ, இருவரையும் தேற்ற வந்த தளபதி தன் பங்குக்கு ஒரு பக்கம் அழுதான். வாள் உறையை விட்டு வருவதற்குமுன் கண்ணீர் வந்துவிட்டது. அரக்கனின் காவலாளிகள் இவர்கள் அழுது முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். எனக்கு ஏமாற்றம் என்பதைவிடக் கோபம். இவ்வளவு நல்ல ஒரு நாட்டைக் கட்டிவிட்டு, அதை இந்த மூன்று பேரிடமா ஒப்படைப்பாள்?

அன்று சாயந்திரம் அவள் வந்து கைப்பையை மாட்டிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்திப் பிரிவில் எல்லோருக்கும் உண்டு. கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குமுன் அதைப் பற்றி ஒரு நக்கல் சொல்வோம்.

"இவங்க எதுக்கும்மா ஆத்தத் தேடி மலையேறணும்?" என்றேன். "மூணு பேரையும் கரைல உக்கார வெச்சா போதும். ரெண்டு போகம் வெளையும்."

அவள் சிரிக்கவில்லை. பக்கங்களை எடுத்துத் தட்டி அடுக்கினாள். ஓரத்தில் நான் போட்டிருந்த கோடுகள் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டன.

"இது என்னாது?"

"அழுகை. எண்ணி வெச்சேன்."

"எண்ணுனீங்களா?"

"ஐம்பத்தேழு."

பக்கங்களைக் கீழே வைத்தாள். "ஆம்பளைங்க அழுவக் கூடாதுங்கறீங்க. அதான?"

"அப்படிச் சொல்லல."

"ஒங்க அப்பா செத்தன்னிக்கு, துக்கம் கேக்க வந்த ஆம்பளைங்க எல்லார்கிட்டயும் கை நீட்டிகிட்டு நின்னீங்க. ஒரு சொட்டு இல்ல. மூணாம் நாள் எந்தப் பக்கத்துல கண்ணீர் அஞ்சலி வெளம்பரம் வந்துச்சின்னு பேப்பரப் பொரட்டுனீங்க. ஒங்ககிட்ட போயி குடுத்தேன் பாருங்க."

அவள் சொன்னது உண்மை. விளம்பரத்தில் அப்பாவின் வயது தப்பாக வந்திருந்தது. அதைத்தான் தேடினேன். அதை இப்போது சொல்லிப் பயனில்லை.

அடுத்த இரண்டு நாள் பேச்சு சாப்பாட்டளவில் இருந்தது. மாதக் கடைசிக்கு இருபது நாள் என்று எனக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இந்த ஒரு வாய்ப்புதான். அவளாக வெட்டினால் எதை வெட்டுவாள் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் பக்கத்து மீனையும் சோப்புநுரையையும் வெட்டுவாள். தான் எழுதியதில் எது நல்லதோ அதில்தான் புதிதாக எழுதுகிறவர்களின் கை முதலில் போகும். இருபத்தாறு வருடம் நிருபர்களிடம் பார்த்தது.

மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போனபின் பிரதியை மறுபடி எடுத்தேன். இந்த முறை அழுகையை எண்ணவில்லை. எங்கே வருகிறது என்று பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஐந்தாறு பக்கத்துக்கு ஒருமுறை, அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில். ஏறக்குறைய எல்லா அத்தியாயத்திலும். நடுவில் அழுதவையெல்லாம் கடைசியில் அழப்போவதற்கு முன்னேற்பாடு.

சாயந்திரம் கேட்டேன். இந்த முறை நக்கல் இல்லாமல்.

"ஒவ்வொரு அத்தியாயமும் ஏன் அழுதே முடியுது?"

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது உண்மையான பதில்தான் வரும்.

"பஸ்சுல எழுதறன் இல்லீங்களா. மொரப்பூர்ல ஏறுனா கடத்தூர் தாண்டி எறங்கற வரைக்கும் ஒரு அத்தியாயம். ஸ்டாப்பிங் கிட்ட வந்துடும். கண்டக்டர் விசிலு ஊதுவாரு. சண்டை பாதில நிக்கும். எப்படி முடிக்கறது? அழ வெச்சிடுவேன். அழுதா முடிஞ்ச மாதிரி இருக்கும்."

"தினமுமா?"

"தெனமும் எறங்கணுமில்ல."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு. பிறகு அவளே சொன்னாள்: "படிக்கறவங்களும் அதுக்குத்தான் இதயம் போடுவாங்க. 'அழுதுட்டேன் அக்கா'ன்னு. நானும் சரின்னு போட்டுக்கிட்டே வந்துட்டேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அப்போது தோன்றியது. இருபத்தாறு வருடம் நான் அனுப்பிய விபத்துச் செய்திகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்தன. இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியது. யாருக்குச் சோகம், அவர்கள் என்ன செய்தார்கள், ஒருநாளும் எழுதியதில்லை. நானும் ஸ்டாப்பிங் வந்ததும் இறங்கிவிட்டவன்தான். எனக்கும் சேலத்தில் பிடிக்க வேண்டிய கடைசி ரயில் ஒன்று இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். அவள் அதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

அடுப்பங்கரையிலிருந்துதான் அந்தக் கதையைச் சொன்னாள். எனக்குச் சொல்வதற்காக அல்ல, தன் கட்சியை நிரூபிப்பதற்காக.

"ஆம்பளைங்க அழுவறத நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கறன். சித்தேரி மலைல மொதல் போஸ்டிங் இருந்தப்ப, ரோடு போவாத ஒரு ஊர்லருந்து ஒரு பொண்ணக் கொண்டாந்தாங்க. பேறுகாலம். ரத்தப்போக்கு. கம்புல கம்பளியக் கட்டி, அதுல அவளப் படுக்க வெச்சி, ரெண்டு பேரு முன்னால ரெண்டு பேரு பின்னால. நானும் கூட எறங்குறேன். முன்னால ஒருத்தன் அவ புருசன். வாய் வுட்டு அழுவுறான். சின்னப்புள்ள மாதிரி. ஆனா கால் நிக்கல. கல்லு, சறுக்கல், முள்ளு, எதுலயும் நிக்கல. நாலு மைல்."

"அப்புறம்?"

"பாதி வழில என்னப் பாத்து, 'நர்ஸம்மா, மூக்கத் தொடச்சி வுடுங்க, மூச்சு முட்டுது'ன்னான். ரெண்டு கையும் கம்புல இருக்குதில்ல. பஞ்செடுத்துத் தொடச்சி வுட்டேன். கீழ போறதுக்குள்ள ஆறேழு தடவ தொடச்சிருப்பேன். அம்மாவும் பொழச்சா, கொளந்தையும் பொழச்சிது. ஆம்பள அழுவ மாட்டான்னு என்கிட்ட சொல்லாதீங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "இது ஏன் நாவல்ல இல்ல?"

டம்ளரோடு வந்து என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது நெசமாச்சேங்க. நெசத்த எப்படி ராஜா கதைல போடறது?"

என் வாழ்நாளில் எழுதுகிற ஒருவரிடம் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அடுத்தது. அதை நானாக யோசித்துக் கேட்கவில்லை. வாயில் வந்தது.

"ஒன் இளவரசனுங்க அழும்போது அவனுங்க கை என்ன பண்ணுது?"

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். டீ ஆறியது. பிரதியின் கடைசிக் கட்டை எடுத்துப் புரட்டினாள். அங்கே மூவரும் அரக்கனிடமிருந்து ஆற்றை மீட்டுத் தோளில் தூக்கி வருகிறார்கள். சுருட்டிய ஆறு, சொட்டச் சொட்ட, மூன்று ஆள் நீளம். வழியில் மூத்தவன் காயத்தால் சாகிறான். இருவரும் ஆற்றை இறக்கி வைத்துவிட்டுப் பதினொரு பக்கம் அழுகிறார்கள்.

"எறக்கி வெச்சிட்டாங்க" என்றாள்.

"ஆமா."

"எறக்கி வெக்கக் கூடாதுங்க." குரல் மாறியிருந்தது. "எறக்கி வெச்சா அது அங்கயே விரிஞ்சி ஓட ஆரம்பிச்சிடும். ஆறு இல்லையா? எந்த எடத்துல வெக்கறாங்களோ அது அந்த ஊரு ஆறாப் போயிடும். அப்புறம் சுருட்ட முடியாது."

நான் நாளிதழில் பல பெரிய இரவுகளைப் பார்த்தவன். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி கட்டிய இரவுகள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விளக்கு வைக்கும் நேரத்தில், அந்த வாக்கியத்தைக் கேட்டபோது வந்த சிலிர்ப்பு அங்கே எனக்கு வந்ததில்லை. ஒரே விதியில் அறுநூறு பக்கத்தின் நோயும் தீர்ந்துவிட்டது. இனி அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். நிற்க முடியாது.

பதினாறு நாள் வேலை செய்தோம். காலை அவள் போனதும் நான் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையும் எடுத்தேன். பழைய நாளில் கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால், அதற்கு இடம் பண்ண நாங்கள் செய்திக்குச் செய்வதுதான். கீழேயிருந்து வெட்டு. வெட்டிய இடத்தில் சண்டை பாதியில் நின்றது, கதவு பாதி திறந்து நின்றது. அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை. அவளுடைய எழுத்து எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதன்மேல் தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மூடியிருக்கிறாள், அவ்வளவுதான். சாயந்திரம் அவள் வந்து கடைசிப் பகுதியைப் புதிதாக எழுதினாள். பஸ்சில் அல்ல, மேசையில். எழுதிய அன்றே எனக்குப் படித்துக் காட்டினாள்.

மூத்தவன் நடக்கும்போதே சாகிறான். தம்பிக்கு அது தெரிவது தோளில் கனம் கூடும்போதுதான். அழுதுகொண்டே போகிறான். துடைக்கக் கையில்லை. தளபதி தன் முகத்தை ஆற்றின் ஓரத்திலேயே தேய்த்துத் துடைத்துக்கொள்கிறான். நான் ஓரத்தில் எந்தக் கோடும் போடவில்லை.

சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதில் நான் தோற்றேன்.

கதையின் கடைசியில் ஆற்றை அதன் இடத்தில் விரித்துவிடுகிறார்கள். ஊரே தண்ணீரில் இறங்குகிறது. தளபதி மட்டும் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் அழுகிறான். ஏனென்று சொல்லப்படவில்லை. யாரும் பார்க்கவில்லை. நான் சிவப்புப் பேனாவால் மொத்தத்தையும் அடித்தேன்.

அவள் திரும்ப எழுதிவைத்தாள். நான் மறுபடி அடித்தேன்.

"இது பழைய வியாதிம்மா. ஆத்தக் கொண்டாந்தாச்சு. முடிஞ்சிது. எறங்கிடு."

"இல்லீங்க. இப்பதான் அவன் கை சும்மா இருக்குது."

"வாசகனுக்குத் தேவையில்ல."

"அவனுக்குத் தேவ. அந்த மலைலருந்து கொண்டாந்தானே, அந்தப் புருசன், ஆஸ்பத்திரில பொண்டாட்டிய உள்ள எடுத்துகிட்டுப் போனப்புறம் என்னா பண்ணான்னு கேட்டீங்களா? நீங்க கேக்கல. 'பொழச்சா'ன்ன ஒடனே பேனாவக் கீழ வெச்சிட்டீங்க. அங்க ஒரு வேப்பமரத்தடில உக்காந்து, கம்பளியச் சுருட்டி மடில வெச்சிகிட்டு ஒரு மணி நேரம் அழுதான். பொழச்ச பின்னால. இன்னொரு தடவ இத அடிச்சீங்கன்னா, மிச்சத்தையும் நானே வெட்டிக்கறேன் போங்க."

அவள் சொன்ன காரணம் எனக்கு முழுக்கச் சரியாகப் படவில்லை. நாவலில் இது தொங்கும் என்று நினைத்தேன். ஆனால் எழுதியவள் அவள். பேனாவின் மூடியைப் போட்டேன்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால், பிழைதிருத்தம் பார்க்க ஒரு படி அச்செடுக்கக் கடத்தூரில் பாய் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். மதியம் வரச் சொன்னார். மதியம் போனபோது கடைசிப் பத்திருபது பக்கம் பாக்கி இருந்தது. மிஷினில் காகிதம் தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து அச்சான பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சிக்காதீங்க சார்" என்றார். "பெரியவன் செத்துட்டானா? தோள்ல கனம் கூடுதுன்னு போட்டிருக்குது."

"பேப்பர் போடுங்க பாய்."

"போடறேன். செத்துட்டானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

சொல்லவில்லை. காகிதம் போட்டார்.

குறித்த நாளுக்கு முந்தின நாள் மதியம் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினோம். மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருந்தது. பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதிப்பகத்திலிருந்து போன். பேசியவர் அங்கே நூல்களைச் செப்பனிடும் பெண். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்துக்கொள்கிறோம் என்றார் அவர். நிறைய சின்னத் திருத்தங்கள் கேட்பேன், சண்டை போடுங்கள், பரவாயில்லை என்றார். "ஆனா ஒரு எடத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. கடைசில அந்தத் தளபதி பாறைல உக்கார்ற ஒன்றரைப் பக்கம். அதுக்காகத்தான் எடுக்கறோம்னே வச்சிக்கங்க. யாராவது அத வெட்டச் சொன்னா கேக்காதீங்க."

"ஒருத்தரு சொன்னாருங்க" என்றாள் என் மனைவி. "சேலத்துல பெரிய பேப்பர்ல இருந்தவரு."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

போனை வைத்தபின் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரடியாக, அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. நான் இருபத்தாறு வருடம் வெட்டியதில் எத்தனை ஒன்றரைப் பக்கங்கள் போயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நானும் சிரித்தேன். தோற்றதில் இவ்வளவு திருப்தி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

புத்தகங்கள் வந்த பார்சல் வீட்டுக்கு வரவில்லை. தன் கையாலேயே வாங்க வேண்டும் என்று அவள் துணை சுகாதார நிலையத்தைக் கொடுத்திருந்தாள். வந்த நாள் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். போன் செய்து வரச் சொன்னாள். பஸ் பிடித்துப் போனேன்.

வாசலில் தாய்மார்கள் கூட்டம். உள்ளே மேசைமேல் தடுப்பூசிப் பெட்டிக்கும் எடைத் தராசுக்கும் நடுவில் பார்சல் பிரிந்து கிடந்தது. ஒரு பெண் அட்டையைத் தடவிப் பார்த்து, "நர்ஸம்மா, இது நீங்களா? நெசமாலுமா?" என்று கேட்டாள். "நான்தான், கொளந்தையத் திருப்பிப் புடி" என்றாள் என் மனைவி. கையில் சிரிஞ்சு. முகத்தில் மட்டும் அடக்க முடியாத ஒன்று.

வரிசையில் ஒரே ஒரு ஆண். இருபத்தைந்து வயதிருக்கும். அவர் குழந்தைக்கு ஊசி போட்டு முடிந்திருந்தது. குழந்தை இடது தோளில் கிடந்து வீறிட்டது. வலது கையில் அவர் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்திருந்தார். முதல் பக்கம்.

"நகருங்க தம்பி, பின்னால நிக்கறாங்க" என்றாள் அவள்.

"ஒரு நிமிசம் நர்ஸம்மா. ஆறு எங்க போச்சின்னு தெரிஞ்சிகிட்டுப் போயிடறேன்."

"அது முந்நூத்தி எம்பது பக்கம் போவும். வெளிய உக்காந்து படிங்க. அடுத்தது யாரு? வாங்க."

அவர் கண்ணை எடுக்காமல் வெளியே வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையின் முதுகை ஒரு கையால் தட்டியபடியே, கட்டைவிரலால் பக்கத்தைத் திருப்பினார்.